சின்ன வயதுப் பயத்துக்கும் இப்போது சிறுநீர் அடக்க முடியாததற்கும் தொடர்பு இருக்குமா?

கேள்வி: கதவோரம்

எனக்கு வயது 34. பிரசவம் ஆனதில்லை, சர்க்கரை நோயும் இல்லை. யாராவது குரலை உயர்த்தினால் உடனே சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. மேலாளர் மேசையைத் தட்டிப் பேசினால் போதும், எழுந்து போவதற்குள் கொஞ்சம் கசிந்துவிடும். அவர் திட்டுவது வேறு யாரையோவாக இருக்கும், ஆனாலும் அப்படித்தான். எங்கே போனாலும் கதவுக்குப் பக்கத்து நாற்காலி, அடர்நிற உடை. வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை.

யூரின் டெஸ்ட், ஸ்கேன் எடுத்தாயிற்று. கிருமி இல்லை, கல் இல்லை. டென்ஷனாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவரிடம் நான் சொல்லாத விஷயம் இது. சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கழிப்பறைக்குப் போக அவரைத் தாண்ட வேண்டும், தாண்டினால் அடி. போர்வைக்குள் கால்களைப் பின்னிக்கொண்டு, அவருடைய குறட்டை கேட்கும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பேன். முடியாமல் படுக்கையிலேயே போய்விட்டால் காலையில் அதற்குத் தனியாக அடி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, நானாக முடிச்சுப் போடுகிறேனா?

பதில்: இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்ட்

சம்பந்தம் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. சிறுநீர் கழிப்பதை இயக்கும் பகுதி மூளைத்தண்டில் இருக்கிறது. 1925-ல் பூனைகளை ஆராய்ந்து அதைக் காட்டியவர் பேரிங்டன் என்ற ஆராய்ச்சியாளர். மன அழுத்தத்தில் உடம்பை உசுப்பிவிடும் சிஆர்எஃப் என்ற வேதிப்பொருள் அந்தப் பகுதியின் நரம்பணுக்களிலும் இருக்கிறது. பயம் சிறுநீர்ப்பையை எட்ட உடம்பிலேயே வழி உண்டு.

இன்னொன்று தசை. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கி, சிறுநீரை அடக்க உதவுவது இடுப்புத்தளத் தசை. பயந்தால் அது தானாக இறுகும். நீங்களோ சின்ன வயதில் இரவெல்லாம் அதை இறுக்கியே பழகியவர். இறுகியே கிடக்கும் தசை எளிதில் களைத்துப்போகும், அவசரத்துக்கு உதவாது. அதனால் யாரோ சொன்னார்கள் என்று, இந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடும் கீகல் பயிற்சியைத் தொடங்கிவிடாதீர்கள். தளர்ந்த தசைக்கு அது நல்லது, இறுகிய தசைக்குத் தொல்லையைக் கூட்டலாம். உங்களுடையது எந்த வகை என்று பார்த்த பிறகுதான் பயிற்சி.

தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தும், அவசரம் கூடும். மூன்று நாள் ஒரு குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அப்போது பக்கத்தில் என்ன நடந்தது. பெரியவர்களுக்குப் பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். உங்களுக்கு 100 மில்லியிலேயே முட்டுகிறது என்றால் அந்தத் தாளே மருத்துவரிடம் பாதி பேசிவிடும்.

பதில்: இரவுப்பணி நர்ஸ்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 30 முதல் 79 வயதுவரை ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண், பெண்களிடம் நடத்திய ஆய்வில், வன்முறைக்கு ஆளானவர்களிடம் அடிக்கடி போவது, அவசரம், இரவில் எழுவது எல்லாம் கூடுதலாக இருந்தது. அதனாலேயே இது வந்தது என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல்தான், கண்டிப்பாக.

ஒன்று மட்டும். சிறுநீரில் ரத்தம், கால் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போவது, திடீரென்று போகவே முடியாமல் அடைப்பது: இவற்றில் எது வந்தாலும் பழைய கதை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பதில்: நானும்தான்

சகோதரி, ஆண்களுக்கும் இது உண்டு. எனக்கு வாயில் வரவில்லை. "சிறுவயதில் என்னைத் தவறாகத் தொட்டிருக்கிறார்கள், குழாய் வைக்கும் பரிசோதனை என்றால் பயம்" என்று சீட்டில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு மருத்துவர், நான் கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். நடுவில் தூக்கினேன், நிறுத்தினார். அப்புறம் மனநல ஆலோசகரிடமும் போனேன். கசிவு முழுக்க நிற்கவில்லை, ஆனால் இப்போது கூட்டத்தின் நடுவில் உட்கார முடிகிறது.

கேட்டவர்: கதவோரம்

படித்துக்கொண்டே அழுதேன். நன்றி. சீட்டில் எழுதிக் கொடுக்க என்னால் முடியும். பிசியோதெரபிக்கு வந்தால் முதல் நாளே உடையைக் கழற்ற வேண்டியிருக்குமா?

பதில்: இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்ட்

வேண்டாம். முதல் நாள் பேச்சும் மூச்சுப் பயிற்சியும் போதும் என்று நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். உள்பரிசோதனை உங்கள் சம்மதத்தோடு மட்டும்தான், அதுவும் பின்னால். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.