ஜப்பானிய றிசீவர்: பாவித்தவர்களின் அனுபவம் என்ன?

கேள்வி (கிளிநொச்சி): ஜப்பானிலிருந்து வந்த பழைய 5.1 றிசீவர் (படம் பார்க்கையில் அறையைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளுக்கு ஒலியைப் பெருக்கி அனுப்பும் பெட்டி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது; ஆனால் பின்புறத்தில் 100 வோல்ட் என்று பொறிக்கப்பட்டிருப்பதால் தயங்குகிறேன். பாவித்தவர்கள் கூறுவீர்களா?

மறுமொழி (மாங்குளம்): எமது மின்சாரம் 230 வோல்ட் என்பதால் நேரடியாகச் செருகவே கூடாது. நான் மூன்று வருடங்களாக, றிசீவர் இழுக்கும் வாற்றிலும் கூடிய கொள்ளளவுடைய, 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றின் ஊடாகவே பாவிக்கிறேன். உரையாடல்கள் மிகத் தெளிவாகக் கேட்கின்றன, ஆயினும் மின்மாற்றியின் இரைச்சல் இரவில் எரிச்சலூட்டும். தகரக் கூரையின் கீழ் மதியத்தில் பெட்டி கொதிப்பதால், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன்.

மறுமொழி (புதுக்குடியிருப்பு): ஒலிபெருக்கிகளின் ஓம் அளவையும் (மின்தடையின் அளவு) பாருங்கள், 8 ஓம் என்றால் பயமில்லை, 4 ஓம் என்றால் சூடேறித் தானாக நின்றுவிடலாம்.

கேள்வி கேட்டவர்: மின்மாற்றியின் விலையையும் சேர்த்தால் மலிவு எங்கே இருக்கிறது? 230 வோல்ட் பெட்டியையே தேடுகிறேன், நன்றி.