துகேலாக் கரையின் பியர்சன் கோட்டை யாரைக் காத்தது?

கரும்புக்காட்டுப் பேத்தி (டோங்காட்):
எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கம் பள்ளிப் பிள்ளைகளை, தென்னாப்பிரிக்காவில் அன்றைய பிரிட்டிஷ் நேட்டாலும் சூலு மன்னரின் நாடும் சந்தித்த துகேலா ஆற்றங்கரையிலுள்ள பியர்சன் கோட்டைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அறிவிப்பில், “சூலுப் படையெடுப்பிலிருந்து நேட்டாலையும் நம் முன்னோரையும் காத்த கோட்டை” என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆண்டுகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். எச்.எம்.எஸ். ஆக்டிவ் என்ற போர்க்கப்பலின் மாலுமிகள், துகேலா கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால் ஆற்றைக் கடக்கும் இடமான கீழ்த்துறைக்கு வந்து கோட்டை வேலையைத் தொடங்கியது 1878 நவம்பரில். அந்தக் குன்றின் அடியில் ஒரு காட்டு அத்தி மரத்தின் கீழ் சூலு மன்னர் செட்ஷ்வாயோவின் தூதர்களிடம் பிரிட்டிஷாரின் இறுதி எச்சரிக்கை வாசிக்கப்பட்டது டிசம்பர் 11 அன்று. கர்னல் பியர்சனின் படை ஆற்றைக் கடந்து சூலு நாட்டுக்குள் புகத் தொடங்கியது 1879 ஜனவரி 12 அன்று. எச்சரிக்கை விடுவதற்கு முன்பே கோட்டை எழும்பிவிட்டது. காவலுக்காகக் கட்டியவர்கள் ஏழே வாரங்களில் ஏன் அக்கரைக்குப் போனார்கள்?

ஸ்டாங்கர் பெரியவர்:
அம்மா, அந்த அறிவிப்பை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால் நானே பதில் சொல்கிறேன்.

1843 முதல் துகேலாதான் நேட்டாலுக்கும் சூலு நாட்டுக்கும் எல்லை. அந்த எல்லையில் பயம் 1878-இல் திடீரென்று முளைத்ததல்ல. 1856 டிசம்பர் 2 அன்று, இதே கீழ்த்துறைக்கு எதிர்ப்புறத்தில், ன்டோண்டாகுசுகாவில் செட்ஷ்வாயோவின் ஆட்களும் அவர் சகோதரர் ம்புயாசியின் ஆட்களும் மோதினார்கள். ம்புயாசி மாண்டார். தோற்ற தரப்பின் பெண்களும் குழந்தைகளும் வெள்ளம் புரண்ட ஆற்றைத் தாண்டி நேட்டாலுக்குள் வரப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கரையிலும் நீரிலும் இறந்தார்கள். ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து நம்மவர்களை டர்பனில் இறக்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. 1861-இல் மறுபடி சூலுக்கள் வருகிறார்கள் என்ற பீதி எழுந்து எல்லைக்குப் படை போனது.

இடையில் நின்றிருந்த கூலிக் கப்பல்கள் 1874-இல் மீண்டும் வரத் தொடங்கிய பிறகு வெருலமிலிருந்து துகேலா வரைக்கும் கரும்புத் தோட்டங்களில் நம்மவர் இருந்தார்கள். ஒப்பந்தக் கூலிகள். கையில் துப்பாக்கி இல்லை, சொந்த வண்டி இல்லை, அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறவும் முடியாது. 1879 ஜனவரியில் இசாண்ட்ல்வானாப் போரில் சூலுப் படையிடம் தோற்று, ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டோர் மடிந்த செய்தி வந்ததும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஸ்டாங்கரிலும் டர்பனிலும் அரண்களுக்குள் புகுந்துகொண்டன. அந்த இரவுகளில் கொட்டடியில் படுத்திருந்த கூலிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஆற்றங்கரையில் பீரங்கியுடன் ஒரு கோட்டை இருந்தது சிறிதாவது நிம்மதி தந்திருக்காதா? இதை நான் பிரிட்டிஷாருக்காகப் பேசவில்லை. நம் ஆட்களுக்காகப் பேசுகிறேன்.

கரும்புக்காட்டுப் பேத்தி:
ஐயா, அவர்கள் பயந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியது யார் என்றுதான் கேட்கிறேன். இசாண்ட்ல்வானா சூலு நாட்டு மண். படையெடுத்துப் போனவர்கள் அங்கே தோற்றார்கள். அந்தத் தோல்வியின் பீதிதான் ஸ்டாங்கர் வரை வந்தது. செட்ஷ்வாயோ தம் படைகளுக்குச் சொல்லியனுப்பியது, நேட்டால் எல்லையைத் தாண்டாதீர்கள் என்பதுதான். நேட்டால் கரையிலிருந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற பிரிட்டிஷ் முகாமைத் தாக்கிய, மன்னரின் சகோதரர் தபுலமான்சி அந்த ஆணையை மீறித்தான் எல்லையான பஃபலோ ஆற்றைக் கடந்தார்.

அத்தி மரத்தடியில் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அன்று காலையில் எல்லை ஆணையத்தின் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. டச்சு வழி வந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களும் சூலுக்களும் உரிமை கொண்டாடிய நிலத்தைப் பற்றிய தீர்ப்பு அது. நேட்டால் துணை ஆளுநர் புல்வர் அமைத்த ஆணையம், பெரும்பாலும் சூலுக்கள் பக்கமே நியாயம் இருப்பதாகக் கண்டிருந்தது. அதன் அறிக்கை கைக்கு வந்தும் உயர் ஆணையர் சர் பார்ட்டில் ஃப்ரேர் மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்தார். காலையில் நிலம் உங்களுடையது என்றார்கள். பிற்பகலில் உங்கள் படையைக் கலையுங்கள், உங்கள் நாட்டில் பிரிட்டிஷ் பிரதிநிதியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கோரிக்கைகளை அடுக்கினார்கள். எந்த மன்னன் ஏற்பான்? ஏற்க மாட்டான் என்று தெரிந்துதான் கேட்டார்கள். குன்றின் மேல் மண் அணை எழும்பிக்கொண்டிருந்தபோதே இந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

வரைபடப் பிரியன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
பல முறை அந்த இடத்துக்குப் போயிருப்பவன் என்ற முறையில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் கோட்டை என்கிறீர்கள். நம் ஊர்க் கற்கோட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். பியர்சன் கோட்டை மண்வேலை: அகழி தோண்டி, அந்த மண்ணையே அணையாகக் குவித்தது. இன்று புல் மூடிய மேடுபள்ளங்கள்தான் தெரியும். அது நிற்கும் குன்று மட்டும் அற்புதமான இடம். ஆறு கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால் அகன்று, மணல்திட்டுகளுக்கு நடுவே ஓடுவது முழுவதும் கண்ணில் படும். பீரங்கியை அங்கே வைத்தவனுக்குத் துறை முழுவதும் கைக்குள்.

துறை என்றாலும் எப்போதும் நடந்து கடக்க முடியாது. குளிர்காலத்தில் நீர் வற்றும்போது வண்டிகள் இறங்கிப் போகும். டிசம்பரிலிருந்து மழை. டிராக்கென்ஸ்பெர்க் மலையில் பெய்வது எல்லாம் இங்கேதான் வந்து சேரும். 1879 ஜனவரியில் ஆறு பெருகியிருந்தது. ஆகவே மாலுமிகள் கரைக்குக் கரை வடம் கட்டி, அதைப் பிடித்து இழுக்கும் தட்டையான பெரிய தெப்பத்தில்தான் படையை ஏற்றினார்கள். கப்பல் ஆட்களைத் தரைப்போருக்கு அழைத்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: வடமும் தெப்பமும் அவர்களுக்குப் பழகிய வேலை. ஏறக்குறைய 4,700 பேர், நூற்றுக்கணக்கான மாட்டு வண்டிகள், அவற்றை இழுக்கும் ஆயிரக்கணக்கான எருதுகள். நாள்கணக்கில் தெப்பம் போய்ப் போய் வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், செட்ஷ்வாயோவின் கீழ் சூலு நாட்டில் தலைவராக வாழ்ந்த வெள்ளைக்காரர் ஜான் டன் தம் ஆட்களோடும் மந்தைகளோடும் எதிர்த்திசையில், சூலு நாட்டிலிருந்து நேட்டாலுக்கு, இதே துறையில் கடந்திருந்தார்.

அக்கரையில் இறங்கியதும் டெனெடோஸ் என்ற இன்னொரு மண்கோட்டை போட்டார்கள். அதுவும் ஒரு போர்க்கப்பலின் பெயர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குப் புரியும். ஆற்றைக் காக்க ஒரு கரையில் கோட்டை போதும். இரு கரையிலும் கோட்டை வைப்பவன் தன் உணவும் தோட்டாக்களும் தடையின்றி அக்கரை போய்ச் சேர வழி அமைக்கிறான். பியர்சன் படை ஜனவரி 22-இல் சூலு நாட்டுக்குள் ன்யேசானேயில் சண்டையிட்டு வென்று, மறுநாள் அதற்கு அப்பால் உள்ள எஷோவேயை அடைந்தது. பிறகு ஏப்ரல் 3 வரை அங்கே முற்றுகையில் சிக்கிக்கிடந்தது. அந்த நாட்களில் கண்ணாடியில் சூரிய ஒளியைப் பிரதிபலித்து எஷோவேக்கும் துகேலாக் கரைக்கும் இடையே செய்தி அனுப்பினார்கள். மீட்கப் போன பிரிட்டிஷ் தலைமைத் தளபதி செம்ஸ்ஃபோர்டின் படை மார்ச் கடைசியில் புறப்பட்டதும் இந்தத் துறையிலிருந்துதான்.

ஆக, பயன்பாட்டை வைத்துச் சொன்னால் நான் தங்கை பக்கம்.

ஸ்டாங்கர் பெரியவர்:
தம்பி, நீங்கள் சொன்ன தெப்பக் கதை அருமை. பிள்ளைகளுக்கு அதை நீங்களே வந்து சொல்லுங்கள். ஆனால் சூலுக்கள் ஆற்றைத் தாண்டவே இல்லை என்பதுபோல இங்கே பேசப்படுகிறது. 1879 ஜூன் 25 அன்று, ஆற்றின் மேல்பக்கத்திலுள்ள நடுத்துறையில் கடந்து வந்து நேட்டால் பக்கக் குடியிருப்புகளைத் தாக்கினார்களே? ஆட்கள் இறந்தார்கள், மாடுகள் போயின, குடிசைகள் எரிந்தன. கோட்டையும் பீரங்கியும் இருந்த கீழ்த்துறையில் அப்படி நடக்கவில்லை. அது கோட்டையால் வந்த பலன் இல்லையா?

கரும்புக்காட்டுப் பேத்தி:
ஐயா, மே 20-ஐ விட்டுவிட்டு ஜூன் 25-ஐ மட்டும் சொல்கிறீர்கள். மே 20 அன்று அதே நடுத்துறை வழியாக நேட்டால் படைதான் சூலு நாட்டுக்குள் போய் வீடுகளை எரித்து மாடுகளை ஓட்டி வந்தது. எல்லை நெடுக இப்படித் தாக்கும்படி சொன்னவர் செம்ஸ்ஃபோர்ட். பழிவாங்க வருவார்கள், அகப்படுவது நம் எல்லை மக்கள்தான் என்று புல்வரே எதிர்த்து அவரோடு கடிதச் சண்டை போட்டார். ஐந்தே வாரத்தில் அப்படியே நடந்தது. அன்று செத்தவர்களும் நேட்டாலின் ஆப்பிரிக்கர்கள். ஆற்றுத் துறைகளில் இரவும் பகலும் காவல் நின்றவர்களில் பெரும்பாலோரும் அவர்கள்தான். அறிவிப்பில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மண்டினி வாசகர்:
ஆற்றுக்கு வடக்கே வேலை செய்கிறேன். என் அலுவலக நண்பர்களின் கொள்ளுப்பாட்டன்மார் ன்யேசானேயில் நின்றவர்கள். அங்கே மாலுமிகள் கேட்லிங் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். இந்த அறிவிப்பை அவர்களிடம் காட்ட எனக்கு மனம் வராது. பிள்ளைகளுடன் சூலு மாணவர்களும் படிக்கிறார்கள் அல்லவா? அவர்களும் அந்த பஸ்ஸில் ஏறக்கூடும்.

வரைபடப் பிரியன்:
சர்க்கரையை மறந்துவிட்டோம். 1879-க்குப் பிறகு செட்ஷ்வாயோவைக் கேப்டவுனுக்கு நாடு கடத்தி, சூலு நாட்டை 13 தலைவர்களுக்குப் பங்கிட்டார்கள். உள்நாட்டுச் சண்டையில் அது சிதறியது. 1887-இல் பிரிட்டன் இணைத்துக்கொண்டது, 1897-இல் நேட்டாலோடு சேர்த்தது. 1902–04-இல் ஆணையம் போட்டு நல்ல கடலோர நிலத்தை வெள்ளையருக்கு ஒதுக்கினார்கள். கரும்பு துகேலாவைத் தாண்டியது அப்போதுதான்.

கரும்புக்காட்டுப் பேத்தி:
இதைத்தான் சொல்ல நினைத்தேன், அண்ணா. கோட்டை காத்தது எதிர்காலத் தோட்டங்களை. நம்மவர் வாழ்வு அதனால் ஒரு துளியும் மாறவில்லை. அடியும் கூலிப்பிடித்தமும் அப்படியே இருந்தன.

பிள்ளைகளுக்கு நம் கதை வேண்டுமென்றால் 1906 இருக்கிறது. நேட்டால் அரசை எதிர்த்துச் சூலுக்கள் எழுந்த பம்பாதா கிளர்ச்சியின்போது காந்தி, காயம்பட்டோரைச் சுமக்கும் ஒரு சிறிய தூக்குக்கட்டில் குழுவோடு ஸ்டாங்கருக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து மாபுமுலோவுக்கு நடந்தார். குழுவில் பெரும்பாலோர் ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். சவுக்கடியில் புண்ணாகி, வெள்ளைச் செவிலியர் தொட மறுத்த சூலுக்களின் காயங்களை அவர்கள் கழுவிக் கட்டினார்கள். அரசின் பக்கம் சேவைக்குப் போனவர்கள்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் துகேலாப் பக்கத்தில் நம் கைகள் செய்த வேலை என்று பெருமையோடு காட்டத் தக்கது அது.

ஸ்டாங்கர் பெரியவர்:
மாபுமுலோவைச் சேர்க்க எனக்குத் தடையில்லை. நெடுநாளாக நானும் சொல்லிவருவதுதான். நடுத்துறையில் காவல் நின்று இறந்த ஆப்பிரிக்கர்களையும் சேர்க்கலாம். சங்கத்தில் பேசுகிறேன்.

ஆனால் கொட்டடியில் பயந்து கிடந்த கூலியை விட்டுவிட்டு எழுத ஒப்ப மாட்டேன். போரை மூட்டியது ஃப்ரேர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஆறும் அக்கரையும்தான். “1879-இல் இக்கரைத் தோட்டங்களில் இருந்த நம் முன்னோர், தாங்கள் கேட்காத ஒரு போரின் பயத்தில் வாழ்ந்தார்கள்” என்று எழுதலாமா? காத்தது என்ற பேச்சை எடுத்துவிடலாம்.

கரும்புக்காட்டுப் பேத்தி:
எழுதலாம், ஐயா. அதோடு ஒரு கோரிக்கை. பஸ் கோட்டையோடு திரும்பிவிடாமல் பாலம் கடந்து ன்யேசானே வரை போகட்டும்.

ஸ்டாங்கர் பெரியவர்:
ன்யேசானே போனால் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர முடியாது. டெனெடோஸ் வரை என்றால் சரி. அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் வைக்க வேண்டும். அதற்குப் பணம் யார் தருவது?

மண்டினி வாசகர்:
இரண்டாம் நாள் பஸ் செலவில் பாதி என்னுடையது. ன்யேசானேயில் பேச என் நண்பர் ஒருவரைக் கேட்கிறேன்.