டேட்டா சென்டர்ல ஷிப்ட் இன்-சார்ஜ் போஸ்ட் கேக்கலாமா? மென்டார்னு ஒருத்தரக் குடுத்திருக்காங்க, அவருக்கு யுபிஎஸ்னா என்னன்னே தெரியல

கோல்ட்ஐல்காரி:
வணக்கம் மக்களே. சிறுசேரி பக்கம் ஒரு டேட்டா சென்டர்ல ஃபெசிலிட்டி ஆபரேஷன்ஸ்ல இருக்கேன், கம்பெனி பேரு வேணாம். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடிச்சு சேர்ந்து 7 வருஷம், அதுல 6 வருஷம் பிஎம்எஸ் ஸ்கிரீன் (பில்டிங்கோட கரன்ட், ஏசி எல்லாத்தையும் கண்காணிக்கிறது) முன்னாடியே போயிடுச்சு. அலாரம் வந்தா அக்னாலெட்ஜ் பண்ணு, டிக்கெட் போடு, ஃப்ளோருக்கு போன் அடி, அவ்ளோதான். ராத்திரி ஏதாவது ஆனா பிரேக்கர் கிட்ட போறது பசங்க, விடிஞ்சதும் உக்காந்து கோளாறு ஏன் ஆச்சுன்னு ஆர்சிஏ ரிப்போர்ட் எழுதுறது நான். "உனக்குத்தாம்மா இங்கிலீஷ் நல்லா வருது"ன்னுவாங்க. மொதல்ல பெருமையா இருந்துச்சு, இப்ப கேட்டாலே எரிச்சல் வருது.

இன்-சார்ஜ் பேப்பர் போட்டுட்டாரு, அந்த இடத்த நான் கேட்டேன். மேனேஜர் சொல்றாரு, "எல்லாம் சரி, ராத்திரி 2 மணிக்கு ஈபி போயி டிஜி (டீசல் ஜெனரேட்டர்) லோடு எடுக்கலன்னா நீ என்ன பண்ணுவ?" என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும், வேலைய ஸ்டெப் ஸ்டெப்பா எழுதி வச்சிருக்கிற அந்த எம்ஓபில பாதி நான் டைப் அடிச்சது. ஆனா கையால ஒரு தடவகூட பண்ணினதில்லயே, அந்த நினைப்புலயே வாய் அடைச்சுப் போச்சு.

மகளிர் தினத்துக்கு ஹெச்ஆர் மென்டார்ஷிப் ப்ரோக்ராம் ஆரம்பிச்சாங்க. எனக்கு வந்தது வடக்க இருக்கிற சேல்ஸ் பெரிய ஆள் ஒருத்தர், மாசம் அரை மணி நேரம் கால். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனா மூணு காலும் "கான்ஃபிடன்ட்டா இருங்க"தான். எனக்கு கான்ஃபிடன்ஸ் குறைச்சல் இல்ல சார், சேஃப்டி ஷூதான் குறைச்சல். ஸ்டோர்ல இருக்கிற சின்ன சைஸே 7, என் கால் சைஸ் 4, ரெண்டு சாக்ஸ் மாட்டிட்டு தொப்பு தொப்புன்னு நடக்கிறேன். என்ன பண்ணலாம் சொல்லுங்க.

டீசல்அக்கா:
கண்ணு, நான் இந்த லைன்ல 19 வருஷம், இப்ப ரெண்டு சைட் பாத்துக்கிறேன். உன் மேனேஜர் கேட்டது தப்பான கேள்வி இல்ல, பதில் சொல்ற மாதிரி உன்ன இத்தன வருஷம் ஆக்காம வச்சதுதான் தப்பு.

என் கதைய சொல்றேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மத்தியானத்துக்குள்ள லேடீஸ எல்லாம் கேப்ல ஏத்தி அனுப்பிட்டு இருந்தாங்க. எங்க சீஃப் ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் இருந்தவரு, அவர்தான் "இவ இருக்கட்டும், டேங்க் கணக்கு இவளுக்குத்தான் தெரியும், வீட்டுக்கு நானே பேசுறேன்"னு என் மாமியாருக்கே போன் போட்டாரு. ஈபி போச்சு, ரோடெல்லாம் மரம், டேங்கர் வராதுன்னு தெரிஞ்சு போச்சு. 1500 கேவிஏ ஜெனரேட்டர் செட் ஒண்ணு முழு லோடுல மணிக்கு 300 லிட்டர் டீசல் கிட்ட குடிக்கும், நாலு செட் பாதி லோடுல சும்மா ஓடிட்டு இருந்துச்சு. டிப் ஸ்டிக் விட்டுப் பாத்து கணக்குப் போட்டு ஒரு செட்ட இறக்கலாம்னு சொன்னேன். அவர் பேனல் பக்கத்துல கைய பின்னாடி கட்டிட்டு நின்னாரு, "நீயே இறக்கு"ன்னாரு. அப்ப என் கை நடுங்கினது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். டேங்கர் மறுநாள் வந்துச்சு, நாங்க தாங்கிட்டோம், பேரும் அன்னைல இருந்து இதுதான்.

அவர் எனக்கு அட்வைஸ்னு ஒண்ணும் சொன்னதில்ல. நான் இல்லாத ரூம்ல என் பேர சொன்னாரு, செய்யும்போது பக்கத்துல நின்னாரு. அந்த மாதிரி ஆள்தான் உனக்கு வேணும், அது பொம்பளையாத்தான் இருக்கணும்னு இல்ல. அந்த சேல்ஸ்காரர விட்டுடாத, மேல உன் பேர சொல்ல அவரால முடியும், அந்த உதவிய வாய் விட்டுக் கேளு.

மேனேஜர்கிட்ட போஸ்ட்ட மட்டும் கேக்காத, விண்டோ கேளு, அதாவது மெயின்டெனன்ஸ் வேலை நடக்கிற நேரத்துல உனக்கும் ஒரு பங்கு. அடுத்து யுபிஎஸ்ஸ ஒதுக்கிட்டு கரன்ட்ட நேரா விடுற பைபாஸ் வேலைல நீ எம்ஓபி படிக்கிற ஆள். அதுக்கடுத்ததுல சீனியர் படிக்க நீ பிரேக்கர் நம்பர தொட்டுக் காட்டி திருப்பிச் சொல்லி ஆபரேட் பண்ற ஆள். மூணாவதுல நீ லீட், கையெழுத்துப் பக்கத்துல உன் பேரு. இத மெயில்ல கேளு, வாய்ல கேட்டா மறந்துடுவாங்க. அப்புறம் ஆர்சிஏ எழுதினத மட்டமா நினைக்காத, அந்த சைட்ல எது எப்படிப் படுத்துச்சுன்னு மொத்தமா தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்.

ஸ்பேனிங்ட்ரீ:
தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், எனக்கும் 7 வருஷம் ஆச்சு, எந்த மென்டாரும் இல்ல. ராடியா பெர்ல்மன் 1985ல எஸ்டிபி (நெட்வொர்க்ல டேட்டா சுத்திச் சுத்தி மாட்டிக்காம பாத்துக்கிற ஸ்பேனிங் ட்ரீ ப்ரோட்டோகால்) எழுதினப்ப எந்த விமன்ஸ் ப்ரோக்ராம் இருந்துச்சு? இன்னைக்கும் எந்த ஆபீஸ் நெட்வொர்க் சுவிட்ச்ச தொறந்தாலும் அவங்க வேலைதான் உள்ள நிக்குது. திறமை இருந்தா தானா மேல வரும்.

மூணாவதுஷிப்ட்:
ஸ்பேனிங்ட்ரீ ப்ரோ, உதாரணம் நல்ல உதாரணம்தான், ஆனா முழுசா சொல்லுங்க. அந்தப் பிரச்சினைய அவங்க கைல குடுத்தது டிஇசி (டிஜிட்டல் எக்விப்மென்ட்) கம்பெனில அவங்க மேனேஜர், குடுத்துட்டு லீவுல போயிட்டாரு, அவங்க அன்னைக்கு ராத்திரியே முடிச்சுட்டாங்க, மிச்ச நாள்ல அத வச்சு கவிதை எழுதினாங்க. அந்த வேலைய வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு இவங்கள "நோட்ஸ் எடும்மா"ன்னு உக்கார வச்சிருந்தா? கோல்ட்ஐல்காரி கேக்குறதும் அதத்தான், வேலைய கைல குடுங்கன்னு. அப்புறம் 1987ல கம்ப்யூட்டர் சயின்டிஸ்ட் அனிதா போர்க் சிஸ்டர்ஸ்னு ஒரு மெயில் குரூப் ஆரம்பிச்சாங்களே, அது எதுக்கு? சிஸ்டம்ஸ் பக்கம் இருந்த கொஞ்சநஞ்சம் பொம்பளைங்களும் ஆளுக்கொரு மூலைல தனியா கிடந்ததாலதான். எங்க பில்டிங்லகூட டேட்டா ஹால் பக்கம் லேடீஸ் டாய்லெட் கிடையாது, அடுத்த பிளாக் போகணும், நைட் ஷிப்ட்ல ரெண்டு தடவ பேட்ஜ் தேய்க்கணும், இதுல திறமை எங்க வருது?

தோழி, "ராத்திரி டூட்டிக்கு பெண்கள போட சட்டம் விடாது"ன்னு யாராவது கத விட்டா நம்பாதீங்க. தொழிற்சாலைச் சட்டத்துல இருந்த அந்தத் தடையே செல்லாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 2000லயே சொல்லிடுச்சு. பாதுகாப்பும் வண்டியும் குடுக்க வேண்டியது அவங்க பொறுப்பு, அத சாக்கா சொல்லி போஸ்ட்ட மறுக்கக் கூடாது. வெளிய ஆள் பழகணும்னா ஆசிய-பசிபிக் பக்கம் ஐபி அட்ரஸ் குடுக்கிற ஏப்னிக் அமைப்போட அகாடமில ஆன்லைன் கோர்ஸ் ஃப்ரீ, சானாக், ஆப்ரிகாட் மாதிரி நெட்வொர்க் ஆளுங்க கூடுற மீட்டிங்குக்கு ஃபெல்லோஷிப் குடுப்பாங்க. நெட்வொர்க் பக்கம்தான் அதெல்லாம், ஆனா டேட்டா சென்டர் ஆளுங்களும் அங்க நெறைய சுத்துவாங்க.

ஸ்பேனிங்ட்ரீ:
மேனேஜர் லீவு மேட்டர் எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். டாய்லெட் விஷயம் நான் யோசிச்சதே இல்ல, அதுவும் உண்மை. ஆனா பசங்களுக்கும் விண்டோ ஒண்ணும் தட்டுல வச்சு வரல, நாங்களும் கெஞ்சித்தான் வாங்கினோம்.

டீசல்அக்கா:
கெஞ்சினா உனக்குக் கிடைச்சுது தம்பி. இவ கெஞ்சினா "ரிஸ்க் எதுக்கும்மா"ன்னு வரும். வித்தியாசம் அவ்ளோதான்.

கோல்ட்ஐல்காரி:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரியே மெயில் போட்டேன், சேல்ஸ் சாரையும் சிசில வச்சேன், அவர் "சப்போர்ட்டட்"னு ஒரே வார்த்தைல ரிப்ளை போட்டாரு, மூணு காலுக்கும் சேத்து அதுதான் உருப்படி. இன்-சார்ஜ் போஸ்ட் மூணு மாசம் ஆக்டிங்னு வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. ஆனா சனிக்கிழமை ராத்திரி யுபிஎஸ் 2ஏ பைபாஸ்ல நான் ரீடர். 31 ஸ்டெப். ஸ்டோர்ல இருந்து போன் வந்துச்சு, ஷூ சைஸ் 4 லேடீஸ் மாடல்ல ஆர்டர் போட்டா மினிமம் 5 ஜோடி எடுக்கணுமாம், மிச்சம் நாலு யாருக்குன்னு கேக்குறாங்க. வாங்கி வைங்க, ஆளுங்க வருவாங்கன்னு சொல்லிட்டேன்.