டோன்ட் டிஸ்டர்ப் பரிசோதனை: 3 நிமிஷமா, 15 நிமிஷமா?

ஓஎம்ஆர்_ஓணான்:
பக்கத்து இழையில ஒரு மகான் அருள்வாக்கு: "வேலை வீட்டுக்குள்ள வராம இருக்க, ரெண்டு வாரம் ராத்திரி 8 மணிக்கு மேல போன்ல டோன்ட் டிஸ்டர்ப் (மணி அடிக்காம அடக்கி வைக்கிற செட்டிங்) போட்டுப் பாருங்க. அவசரம்னா 15 நிமிஷத்துக்குள்ள மறுபடி கூப்பிடுவாங்க, மணி அடிக்கும்." 15 எங்கேருந்து வந்துச்சு? 3 நிமிஷம்தான். இதை நம்பினவனுக்கு அம்மா 5 நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டா போன் ஊமை.

கணக்குப்பிள்ளை:
மகான் நான்தான். ஆண்ட்ராய்டுல டோன்ட் டிஸ்டர்ப்ல கால்ஸ் பக்கம் போங்க. ரிப்பீட் காலர்ஸ் சுவிட்சுக்குக் கீழேயே 15 நிமிஷம்னு எழுதியிருக்கு. எழுத்துக்கூட்டியாவது படிக்கலாம்.

ஓஎம்ஆர்_ஓணான்:
ஐபோன்ல 3.

சுண்டல்_பொட்டலம்:
முதல்ல 'சமநிலை'ன்னா என்னன்னு பேசிட்டு அப்புறம்...

கணக்குப்பிள்ளை:
ஐபோன்னு நான் எங்கே சொன்னேன்? நிமிஷத்தைப் பிடிச்சுத் தொங்குறவங்க பரிசோதனையைக் கெடுக்குற விஷயத்தைப் பார்க்கல. ஒரே நம்பர்ல இருந்து ரெண்டு தடவை வந்தாதான் கணக்கு. அம்மா ஒரு தடவை, அப்பா போன்ல இருந்து ஒரு தடவைன்னா 15 ஆனாலும் அடிக்காது. ஆபீஸ் சாட் ஆப் டீம்ஸ்ல குவைட் டைம் (நோட்டிஃபிகேஷனை அடக்குற நேரம்) வைக்கிறது மொபைலுக்கு மட்டும்தான். லேப்டாப் திறந்திருந்தா அது பாட்டுக்குக் கத்தும், மூடி வைக்கணும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாது. எத்தனை தடவை போனை எடுத்தோம், அதுல எது காலை வரைக்கும் தாங்கியிருக்கும்னு தினம் ரெண்டு வரி குறிச்சு வைங்க. ஆன்கால் வாரத்துல, அதாவது எந்நேரமும் ஆபீஸ் கூப்பிட்டா எடுக்க வேண்டிய முறை வர்ற வாரத்துல, ஆரம்பிக்காதீங்க. நவம்பர் முதல் ஞாயிறைத் தாண்டியும் ஓட்டாதீங்க. அன்னைக்கு அமெரிக்காக்காரன் கடிகாரத்தைப் பின்னால தள்ளுவான். நியூயார்க்ல காலை 9 மணி மீட்டிங் நமக்கு சாயங்காலம் 6:30-லிருந்து 7:30-க்குத் தாவும். ஒரு மணி நேரம் ஓடினா உங்க 8 மணிக் கோடு காலி.

மிளகாய்_பஜ்ஜி:
வீட்டு ஆளுங்க நம்பருக்கு ஸ்டார் போட்டு, ஸ்டார் உள்ளவங்களை மட்டும் அனுமதிச்சா முதல் ரிங்கே கேட்கும். 3-ம் வேண்டாம், 15-ம் வேண்டாமே?

ஓஎம்ஆர்_ஓணான்:
பஜ்ஜி, கொஞ்சம் இருங்க. ஆண்ட்ராய்டுக்குன்னு சொல்லாம பொதுவா 15-னு போட்டா ஐபோன்காரன் என்ன பண்ணுவான்? இவருக்கு இதே வேலை. அவுட்லுக் மெயில் ஆப்ல இருக்கற டிலே டெலிவரி (மெயிலைக் குறிச்ச நேரத்துக்கு அனுப்புற வசதி) பத்தின இழையிலயும் ராத்திரி எழுதின மெயில் காலைல தானா போயிடும்னு அடிச்சுவிட்டார். அவுட்லுக்கை மூடினா அவுட்பாக்ஸ்லயே கிடக்கும்னு சொன்னவனைப் பார்த்து சிரிச்சது யாரு?

கணக்குப்பிள்ளை:
அது பாப், ஐமேப்னு சொல்ற வகை மெயில் கணக்குக்கு. எக்ஸ்சேஞ்சுன்னா (மைக்ரோசாஃப்டோட ஆபீஸ் மெயில் சர்வர்) சர்வர் பார்த்துக்கும். அங்கேயும் இதையேதான் சொன்னேன், அங்கேயும் நீங்க படிக்கல.

ஓஎம்ஆர்_ஓணான்:
அங்கே 'எக்ஸ்சேஞ்ச்'ங்கற வார்த்தை அப்புறம் எடிட் பண்ணிச் சேர்த்தது. இங்கேயும் 'ஆண்ட்ராய்டு' சேர்க்கப் போறீங்களா?

சுண்டல்_பொட்டலம்:
வாட்ஸ்அப் குரூப்பை 8 மணி நேரம் மியூட் பண்ணாலே போதாதா?

கணக்குப்பிள்ளை:
ராத்திரி 8-க்குப் பண்ணா விடியக்காலை 4-க்கு முடிஞ்சிடும், சுண்டல். குட்மார்னிங் ரோஜாப்பூ வர்ற நேரம். ஓணான், எடிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. 15.

ஓஎம்ஆர்_ஓணான்:
ஸ்கிரீன்ஷாட் போடுங்க. எந்தக் காலத்து மாடல்னும் பார்த்துக்கறோம்.