2.5 மில்லிவோல்ட் ரிசீவருக்கு 5.5 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜ் மாட்டலாமா?

வைகைக்கரை79 எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முதல் தடவையா கேக்குறேன், கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கங்க. எங்க பெரியப்பா 80கள்ல துபாய்ல இருந்து தூக்கிட்டு வந்த ஜப்பான் ரிசீவர் ஒண்ணு பரண்ல கிடந்துச்சு, எறக்கி தூசி தட்டி போட்டா எஃப்எம் அப்படி பாடுது. கூடவே அதே காலத்து டர்ன்டேபிள், எஸ் மாதிரி வளைஞ்ச ஆர்ம், ஹெட்ஷெல் கழட்டி மாட்டுற டைப். ஒயரை எலி கடிச்சிருந்துச்சு, முள்ளும் உடைஞ்சிருந்துச்சு, கடையில கொடுத்தப்போ புது ஒயர் போட்டு பேர் இல்லாத ஒரு கார்ட்ரிட்ஜையும் (முள்ளு இருக்கற பாகம்) மாட்டிக் கொடுத்தாங்க.

பாட்டு வருது, ஆனா ச, ஷ வர்ற இடமெல்லாம் பாம்பு மாதிரி சீறுது, ரெக்கார்டு உள்பக்கம் போகப்போக இன்னும் மோசம். சவுண்டும் கம்மி, சிடிக்கு 9 மணியில வைக்கிற வால்யூம போனோவுக்கு (டர்ன்டேபிள் மாட்டுற இன்புட்) 12 மணிக்கு வைக்க வேண்டியிருக்கு. சரி நல்ல கார்ட்ரிட்ஜா வாங்கிடுவோம்னு பார்த்தா ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ 4 மில்லிவோல்ட், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட்னு போட்டிருக்கு. ரிசீவர் மேனுவல்ல போனோ 2.5 மில்லிவோல்ட், 47 கிலோ ஓம்னு இருக்கு. 2.5க்கு 5.5 குடுத்தா உள்ள ஏதாச்சும் எரிஞ்சிடுமா? ரெண்டுல எது வாங்கலாம்?

பேஸ்_பிரியன் எழுதியது:

ப்ரோ 2.5க்கு டபுள் மடங்குக்கு மேல குடுத்தா கிளிப் ஆகி சவுண்டு உடையத்தான் செய்யும். பழைய ரிசீவர் போனோவ நம்பாதீங்க, தனியா ஒரு போனோ ப்ரீஆம்ப் வாங்கி ஆக்ஸ்ல குத்துங்க, வேலை முடிஞ்சது.

பழையசால்டரிங் எழுதியது:

தம்பி பேஸ்பிரியன் அவசரப்பட்டுட்டீங்க. அந்த 2.5 மில்லிவோல்ட் லிமிட்டே இல்ல, அது சென்சிட்டிவிட்டி. அதாவது அவ்வளவு வந்தாலே வால்யூம ஃபுல்லா வச்சா ஆம்ப் தன் முழு பவரை குடுத்துடும்னு அர்த்தம். தாங்குற அளவு வேற, மேனுவல்ல அதுக்குப் பக்கத்துலயே ஓவர்லோடுன்னு இன்னொரு நம்பர் இருக்கும், அந்தக் கால ரிசீவர்ல 100, 150 மில்லிவோல்ட்னு சாதாரணமா போட்டிருப்பான். 2எம் ரெட்டோட 5.5ங்கிறது 5 செமீ/செகண்ட் டெஸ்ட் டோனுக்கு, சத்தமா வெட்டின ரெக்கார்டுல அதைவிட நாலஞ்சு மடங்கு போனாலும் 30 பக்கம்தான் வரும். ஒண்ணும் எரியாது.

வால்யூம் கம்மியா இருக்கறதும் கோளாறு கிடையாதுங்க. எம்எம் (மூவிங் மேக்னட், நீங்க பாக்குற ரெண்டும் இந்த வகைதான்) போனோ ஸ்டேஜ் சுமாரா 100 மடங்கு பெருக்கும், 40 டெசிபெல்னு சொல்வாங்க. 4 மில்லிவோல்ட் உள்ள போனா 400 மில்லிவோல்ட் வெளிய வரும், சிடி ப்ளேயர் 2 வோல்ட் குடுக்கும். அஞ்சுல ஒரு பங்கு. நாப்ப தூக்கி வச்சுட்டு கேளுங்க, அதுக்காக காசு செலவு பண்ணாதீங்க.

நீங்க கவலைப்பட வேண்டியது மில்லிவோல்ட் இல்ல, பிகோஃபாரட், அதாவது கெப்பாசிட்டன்ஸ். மேனுவல்ல யாரும் அந்த வரியப் படிக்கிறதில்ல. எம்எம் கார்ட்ரிட்ஜுக்குள்ள இருக்கறது மெல்லிசு கம்பில சுத்தின பெரிய காயில், அதோட இன்டக்டன்ஸ் விஎம்95இ-ல 550 மில்லிஹென்றி, 2எம் ரெட்ல 700. அந்தக் காயிலும், ஆர்ம் ஒயர் + கேபிள் + ரிசீவர் இன்புட் மூணுலயும் இருக்கற கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ட்ரெபிள்ல ஒரு மேடு போடும், மேட்டுக்கு அப்புறம் சறுக்கிக் கீழ விழும். கெப்பாசிட்டன்ஸ் ஏற ஏற அந்த மேடு கீழ இறங்கி வந்து சரியா ச, ஷ இருக்கற இடத்துல உக்காந்துக்கும், கூடவே உயரமும் ஆகும். அதனாலதான் கம்பெனிக்காரன் விஎம்95இ-க்கு 100ல இருந்து 200 பிகோஃபாரட், 2எம் ரெட்டுக்கு 150ல இருந்து 300ன்னு எழுதி வைக்கிறான். உங்க கேபிள் எத்தனை மீட்டர், என்ன கேபிள்னு சொல்லுங்க மொதல்ல. சர்வீஸ் மேனுவல் கிடைச்சா போனோ இன்புட்ல கிரவுண்டுக்கு போற குட்டி கெப்பாசிட்டர் என்ன வேல்யூன்னும் பாருங்க.

இன்னொண்ணு, உள்பக்கம் மோசமா இருக்குன்னா அதுல பாதி அலைன்மென்ட். கடைக்காரங்க கண்ணால பார்த்து மாட்டியிருப்பாங்க. ப்ரொட்ராக்டர் (கார்ட்ரிட்ஜ் நேரா இருக்கான்னு பாக்குற அளவுத்தாள்) பிரிண்ட் எடுத்து (பிரிண்டர்ல ஃபிட் டு பேஜ் போடாம, அளவு மாறிடும்) முள்ள ரெண்டு புள்ளியிலயும் நேரா வையுங்க, முள்ளு அழுத்துற வெயிட் பார்க்க நகைக்கடை மாதிரி குட்டி டிஜிட்டல் தராசு வாங்கிக்கங்க.

வைகைக்கரை79 எழுதியது:

ஐயா ரொம்ப நன்றி, இவ்வளவு விஷயம் இருக்கும்னு நினைக்கவே இல்ல. கடையில போட்டது 2 மீட்டர், டிவிக்கு போடுற சாதா ஆர்சிஏ ஒயர். மல்டிமீட்டர்ல கெப்பாசிட்டர் ரேஞ்ச் இருக்கு, கேபிள் ரெண்டு பக்கமும் கழட்டிட்டு நடு பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் வச்சேன், 260 காட்டுது. சர்வீஸ் மேனுவல் நெட்ல கிடைச்சது, போனோ இன்புட்ல 220 பிகோஃபாரட் ரெண்டு சேனல்லயும் இருக்கு.

பழையசால்டரிங் எழுதியது:

நினைச்சேன். ஆர்ம் ஒயருக்கு ஒரு 30 வச்சுக்கங்க, மொத்தம் 510. விஎம்95இ போட்டா மேடு 9500 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும், 2எம் ரெட்டுன்னா இன்னும் கீழ, 8400. இப்ப மாட்டியிருக்கற பேரில்லாததும் இப்படித்தான் ஏதோ ஒரு இடத்துல சீறிட்டு இருக்கு. அரை மீட்டர்ல நல்ல லோ கெப்பாசிட்டன்ஸ் கேபிள், 40க்குள்ள வரும், போடுங்க. மொத்தம் 290 ஆயிடும். அப்போ விஎம்95இ மேடு 12,600க்கு மேல ஏறிடும், உயரமும் குறையும். கணக்குப்படி பார்த்தா 290க்கு 2எம் ரெட் கம்பெனி சொன்ன எல்லைக்குள்ளயே வந்துடுது, விஎம்95இ கொஞ்சம் தாண்டுது. ஆனா விலை வித்தியாசத்தையும் பாருங்க.

ரிசீவர் பண்ணவன் முட்டாள்தனமா 220 போடல. ஷூர் வி15 டைப் 3 மாதிரி அந்தக் காலத்து கார்ட்ரிட்ஜ் 400, 500 பிகோஃபாரட் கேக்கும், அதுக்கு ஏத்த மாதிரி போட்டான். ஷூரே 2018ல கார்ட்ரிட்ஜ் பண்றத நிறுத்திட்டான், 220 மட்டும் பலகைல உக்காந்திருக்கு.

ஊசிமுனை எழுதியது:

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். ரெண்டையும் விட்டுட்டு ஆர்ட்டோஃபோன் ஓஎம் சீரிஸ் பாக்கலாமே, அதுக்கு 200ல இருந்து 500 வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கு, பழைய ரிசீவரோட சண்டை போடாது. பாக்க பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும், 5 கிராம்தான், பேலன்ஸ் வெயிட்ட திருப்பி செட் பண்ணிக்கணும். நான் எட்டு வருஷமா ஓஎம்10 வச்சிருக்கேன்.

விஎம்95 பக்கம் எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, பாடி ஒண்ணு வாங்கிட்டா முள்ளு மட்டும் மாத்திக்கலாம். பச்சை வந்து இ, பின்னாடி காசு வந்தா சிவப்பு மைக்ரோலைன். வீட்டுல தாத்தா காலத்து 78 தட்டு இருந்தா அதுக்குன்னே கறுப்பு முள்ளு இருக்கு, 5 கிராம் வெயிட்டுல ஓடும். எல்பி முள்ள வச்சு மட்டும் 78 போடாதீங்க, காடி அகலம், முள்ளு அடியில போய் கிடந்து கறகறன்னு உரசும்.

பேஸ்_பிரியன் எழுதியது:

சரி 2.5 விஷயத்துல நான் சொன்னது தப்புதான், ஒத்துக்குறேன். ஆனா தனி ப்ரீஆம்ப்னு சொன்னதுல என்ன தப்பு, அதுல 100 பிகோஃபாரட் இருந்தா பிரச்சனையே இல்லையே.

பழையசால்டரிங் எழுதியது:

இருந்தா சரிதான். சீப்பா வர்றதுல பாதிக்கு எவ்வளவுன்னு போடவே மாட்டான், அளந்தா அதுலயும் 220 இருக்கும். ஒரு பெட்டி, ஒரு அடாப்டர், இன்னொரு கேபிள், இன்னொரு ஹம். பெரியப்பா ரிசீவர்ல இருக்கற போனோ போர்டு நல்ல போர்டு, அத ஓரங்கட்ட எனக்கு மனசு வரல.

வைகைக்கரை79 எழுதியது:

மூணு வாரம் ஆச்சு, அப்டேட் சொல்லணும்ல. பட்ஜெட் இடிச்சதால விஎம்95இ தான் வாங்கினேன், அரை மீட்டர் கேபிள், தராசுல 2 கிராம், அலைன்மென்ட்டுக்கு மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. ஆன் பண்ணதும் ம்ம்ம்முனு ஒரே ஹம், பயந்தே போய்ட்டேன். பார்த்தா கடையில ஒயர் மாத்தும்போது எர்த் ஒயர கட் பண்ணி உள்ளயே விட்டிருக்காங்க, இவ்வளவு நாளா மெல்லமா கேட்டுட்டு இருந்தது அதுதான் போல. இழுத்து ரிசீவர் பின்னாடி ஜிஎன்டி ஸ்க்ரூல முடுக்கினதும் கப்சிப். சீறல் முக்காவாசி போயிடுச்சு, உள்பக்கம் சீறலே இல்ல. பிராஸ் வர்ற இடத்துல மட்டும் லேசா இன்னும் பளிச்சுனு இருக்கு. அந்த 220ஐ கழட்டிடலாமா?

பழையசால்டரிங் எழுதியது:

வெறுமனே கழட்டாதீங்க, வெளி ரேடியோ உள்ள வராம தடுக்கறதுலயும் அதுக்கு ஒரு பங்கு இருக்கு, எடுத்துட்டா சில வீட்டுல ரெக்கார்டுக்கு நடுவுல நியூஸ் வாசிப்பான். அதுக்குப் பதில் 47 போடுங்க, மொத்தம் 120 பக்கம் வரும், விஎம்95இ-க்கு அளவா இருக்கும். ரெண்டு சேனல்லயும் ஒரே வேல்யூ. பிளக்க பிடுங்கிட்டு ஒரு கால் மணி நேரம் விட்டுட்டு மூடியத் திறங்க, பவர் சப்ளைல பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், அது பக்கம் கையை கொண்டு போகாதீங்க. சால்டரிங் பழக்கம் இல்லேன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, ஒயர் போட்டுக் குடுத்த அந்தக் கடை மட்டும் வேண்டாம்.

வைகைக்கரை79 எழுதியது:

ஹா ஹா சரிங்க ஐயா. பெரியப்பாகிட்ட கேட்டுட்டு திறக்குறேன், தூசி தட்டினதுக்கே ஸ்க்ரூ எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பார்த்தாரு.