95க்கு மேல ட்ரெயிலர் வாலாட்டுது: இழுவை அளவு தாராளமா இருக்கு, பிழை எங்க?

கிழக்குமுனை:
இடம் ஒன்ராறியோ. ஹாஃப் டன் பிக்கப், நாலு கதவு. கம்பனி சொல்லுற இழுவை அளவு 4,300 கிலோ. கேம்பிங் ட்ரெயிலர் ரெண்டு அச்சு. எல்லாம் ஏத்தின பிறகு 3,447 கிலோவுக்கு மேல போகக்கூடாது எண்டு தகட்டில இருக்கு. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (ரெண்டு பாரை இறுக்கி, ட்ரக்கின்ர பின் அச்சுப் பாரத்தைப் பகிர்ந்து விடுற இணைப்பு) பூட்டியிருக்கு.

மணிக்கு 85 கி.மீ. மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. 95 தாண்டினா, அதுவும் 401 நெடுஞ்சாலையில பெரிய லொறி கடக்கேக்க, ட்ரெயிலர் பின்பக்கம் ஆடத் தொடங்குது. வித்த இடத்தில "பாரை இன்னும் இறுக்குங்கோ" எண்டினம். இறுக்கியும் மாறேல்லை. ட்ரெயிலரின்ர பின் பம்பரில 4 சைக்கிள். தண்ணித் தாங்கி 150 லீற்றர், நிறைய. பிக்கப் பெட்டிக்க ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு. ஆக்கள் 4 பேர்.

ஏழுமுனை:
தம்பி, பாரை இனி இறுக்காதேங்கோ. அளவுக்கு மிஞ்சி இறுக்கினா ட்ரக்கின்ர பின் அச்சில இருந்து பாரம் தூக்குப்படும்; பின் ரயருக்குப் பிடிப்புக் குறையும். மழை ரோட்டில அது வேற வில்லங்கம்.

ஆட்டத்துக்கு நான் முதல் பாக்கிறது டங் வெயிட், அதாவது ஹிட்ச் பந்தில இறங்கிற பாரம். ட்ரெயிலரின்ர மொத்தத்தில 10இல இருந்து 15 வீதம் இருக்கோணும். சைக்கிளும் தாங்கியும் அச்சுக்குப் பின்னால இருந்தா அது 10க்குக் கீழ போயிருக்கும். ஊகம் வேண்டாம், லொறிக்காரர் நிறுக்கிற கேட் ஸ்கேலில மூண்டு தரம் நிறுங்கோ: பார் இறுக்கின நிலையில, பார் கழட்டின நிலையில, ட்ரக் தனிய. எரிபொருள் நிறைய, ஆக்கள் எல்லாரும் உள்ள. முன் அச்சு ஒரு தட்டில, பின் அச்சு அடுத்ததில, ட்ரெயிலர் மூண்டாவதில நிக்கோணும்.

கிழக்குமுனை:
நிறுத்தாச்சு. ட்ரக் தனிய: முன் 1,520, பின் 1,375. பார் இல்லாமல் கொழுவினா: முன் 1,420, பின் 1,720, ட்ரெயிலர் அச்சு 2,805. கதவுத் தூணில உள்ள மஞ்சள் ஸ்டிக்கரில, ஆக்களும் சாமானும் சேர்த்து 640 கிலோ எண்டு இருக்கு. ட்ரக்கின்ர ஜி.வி.டபிள்யூ.ஆர் (சுமையோட ட்ரக் இருக்கக்கூடிய உச்ச நிறை) 3,130.

ஏழுமுனை:
ட்ரக் தனிய 2,895, கொழுவினா 3,140. வித்தியாசம் 245, அதுதான் டங் வெயிட். ட்ரெயிலர் மொத்தம் 2,805 + 245 = 3,050. ஆக 8 வீதம். ஆடாமல் என்ன செய்யும்?

தராசுமுள்:
ஆட்டத்தை நிறுத்தும் வழி சுலபம். அதன் பின் வரும் கணக்குதான் சிக்கல். சைக்கிளும் ரேக்கும் சேர்த்து 85 கிலோ என்றும், அவை ட்ரெயிலர் அச்சுகளின் நடுவிலிருந்து 3.5 மீட்டர் பின்னால் என்றும், பந்திலிருந்து அச்சு நடுவுக்கு 4.8 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ரேக்கைக் கழற்றினால் 85 × 3.5 ÷ 4.8, சுமார் 62 கிலோ டங் வெயிட் கூடும். (பல தயாரிப்பாளர்கள் அந்தச் சதுரக் குழாய் பம்பரில் ரேக் பூட்டவே கூடாது என்கிறார்கள். வெல்டு பிளந்துவிடும்.) தாங்கி அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தால், 150 லிட்டரைத் திறந்துவிட இன்னும் 31 கிலோ கூடும். இப்போது டங் வெயிட் 338, ட்ரெயிலர் 2,815. சரியாக 12 வீதம்.

ஆனால் ட்ரக் 2,895 + 338 = 3,233. அனுமதி 3,130. ஆட்டம் நிற்கும், ட்ரக் 103 கிலோ அதிகம் சுமக்கும். இப்போதே 10 கிலோ அதிகம்தான். டங் வெயிட் குறைவாக இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை.

கிழக்குமுனை:
4,300 இழுக்கும் எண்டு சொல்லிப்போட்டு 2,815க்கே தடக்குதே?

மிசிசாகா பிக்கப்:
அந்த 4,300 எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 சோதனை முறைப்படி வர்ற எண்ணுங்க. அதுல ட்ரக்குக்குள்ள டிரைவர், இன்னொருத்தர், ஆளுக்கு 150 பவுண்டு, ஹிட்ச் சாமானுக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். குடும்பம், ஐஸ் பெட்டி, விறகு எதுவும் கணக்குல கிடையாது. ஹாஃப் டன் வண்டியில முதல்ல தீர்றது பெரும்பாலும் மஞ்சள் ஸ்டிக்கர்தான்: ஆட்கள் + பெட்டிச் சாமான் + ஹிட்ச் + டங் வெயிட், நாலும் அந்த 640க்குள்ள.

ரிசீவர்ல (ட்ரக் பின்னாடி ஹிட்ச் செருகுற குழாய்) ஒட்டியிருக்கிற சீட்டையும் பாருங்க. சாதாரணமா கொழுவினா 500 பவுண்டு, அதாவது 227 கிலோ டங் வெயிட்தான்னு பலதுல இருக்கும். உங்களுக்கு 338. பார் இல்லாம ஓட்டக்கூடாது.

சட்டப்படி: ட்ரெயிலர் 4,600 கிலோ வரைக்கும், மொத்தக் கூட்டு 11,000 தாண்டாத வரைக்கும் ஜி லைசென்ஸ் போதும். 1,360 கிலோவும் அதுக்கு மேலயும் இருந்தா ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஒரு இணைப்பு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கணும், அதான் சங்கிலி. ட்ரெயிலர் நாக்குக்கு (முன்னாடி நீட்டியிருக்கிற பகுதி) அடியில குறுக்கா போடுங்க. பிரேக்அவே கம்பியை (ட்ரெயிலர் கழண்டா அதோட பிரேக்கைத் தானா போட வைக்கிறது) அந்தச் சங்கிலியில மாட்டாதீங்க, ட்ரக்ல தனியா மாட்டுங்க. ஓடுற கேம்பிங் ட்ரெயிலருக்குள்ள யாரும் உட்காரக் கூடாது.

ஏழுமுனை:
செய்யிறது இதுதான். விறகு 40 கிலோவை வீட்டில விடுங்கோ, பார்க்கில வாங்கலாம். பூச்சி பரவும் எண்டு விறகு கொண்டுபோக வேண்டாம் எண்டுதானே பார்க்காரரும் சொல்லினம். பெட்டியில மிச்சம் இருக்கிற ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி 55 கிலோவையும் சைக்கிளையும் (ரேக் இல்லாமல் 60) ட்ரெயிலருக்க, அச்சுக்கு நேர் மேல வைச்சுக் கட்டுங்கோ. அங்க வைச்சா டங் வெயிட் கிட்டத்தட்ட மாறாது. ஜெனரேட்டரில பெட்ரோல் இருக்கக்கூடாது.

ட்ரக் தனிய 2,800, ட்ரெயிலர் 2,930, டங் 338: 11.5 வீதம். பார் பின் அச்சுப் பாரத்தில கொஞ்சத்தை முன் அச்சுக்கும் ட்ரெயிலருக்கும் தள்ளும். எவ்வளவு தள்ளோணும் எண்டு ட்ரக் கையேட்டில இருக்கும், முன் சில்லு வளைவின்ர உயரத்தை அளந்து அதுக்கேத்த மாதிரி இறுக்குங்கோ.

ஆடினா ட்ரக் பிறேக்கை மிதிக்காதேங்கோ. அக்சிலரேற்றரை விட்டு, ஸ்ரியரிங்கை நேர பிடிச்சு, கொன்ட்ரோலரில ட்ரெயிலர் பிறேக் கைப்பிடியை மட்டும் அமத்துங்கோ.

கிழக்குமுனை:
திரும்ப நிறுத்தது, பார் இறுக்கி: முன் 1,467, பின் 1,598, ட்ரெயிலர் அச்சு 2,665. 100இல லொறி கடந்தும் ஆடேல்லை.

தராசுமுள்:
ட்ரக் 3,065, அனுமதிக்குள் வந்துவிட்டது. ட்ரக்கின் பின் அச்சு எண்ணையும் ட்ரெயிலர் அச்சு எண்ணையும் அவற்றின் தகட்டு எண்களோடு ஒப்பிடுங்கள். எஸ்.டி. டயர் (ட்ரெயிலருக்கென்றே செய்தது) என்றால் காற்று, பக்கச் சுவரில் அச்சடித்த உச்ச அளவு, குளிர்ந்த நிலையில். பல எஸ்.டி. டயர்களுக்கு வேக வரம்பு மணிக்கு 65 மைல், சுமார் 105 கி.மீ.தான்.

ஏழுமுனை:
ட்ரெயிலர் மொத்தம் 3,050இல இருந்து 2,930, 120 கிலோ குறைஞ்சிருக்கு; பிறேக் கெயினை (ட்ரெயிலர் பிறேக் பிடிக்கிற பலத்தின்ர அளவு) கொன்ட்ரோலரில திரும்ப வையுங்கோ. வெறும் காணியில 35 கி.மீ. வேகத்தில கைப்பிடியை முழுக்க அமத்தி, சில்லு பூட்டினா குறைச்சு, பூட்டுறதுக்குச் சற்று முன்னால நிக்கிற அளவில விடுங்கோ.