கீஹோல்: சாவித்துளையா, திட்டிவாசலா?

வணக்கம் ஐயா,

வானியல்ல வர்ற இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தமிழ்ல நீங்க போட்ட பட்டியல்ல முக்கால்வாசி எனக்கு ஓகே. ஆஸ்டிராய்டுக்கு சிறுகோள், அதுல கை வைக்க வேண்டாம் (பேப்பர்ல மட்டும் விண்கல்னே போட்டுட்டு இருக்காங்க, விண்கல்னா கீழ விழுந்து கையில எடுக்குற கல்லு, சூரியனைச் சுத்திட்டு இருக்கறது இல்ல). குளோஸ் அப்ரோச்சுக்கு அணுக்கக் கடப்பு நல்லாவே இருக்கு, வெறும் அணுக்கம்னு விட்டா கிட்ட வந்து நின்னுட்ட மாதிரி ஆயிடும்.

> கீஹோல் – சாவித்துளை

இதுலதான் எனக்குத் தகராறு. பூமியைக் கடக்கற சிறுகோள் எந்தச் சின்ன இடத்துக்குள்ள நுழைஞ்சா பின்னாடி ஒரு வருஷம் திரும்பி வந்து மோதுமோ, அந்த இடத்தைத்தான் கீஹோல்ங்கறாங்க. துளைன்னாலே கருந்துளை ஞாபகம் வந்துரும், வானத்துல எங்கயோ ஓட்டை இருக்குன்னு படிக்கிறவன் நெனச்சுப்பான். அப்புறம் சாவி, இங்க எந்தப் பூட்டைத் திறக்கறோம்?

அபோபிஸ்ங்கற சிறுகோளையே எடுத்துக்கோங்க. 2029 ஏப்ரல் 13 அன்னிக்கு தரையிலேர்ந்து சுமார் 32,000 கிலோமீட்டர்ல கடக்கப் போகுது, டிவி சேட்டிலைட்டுங்க இருக்கற 35,786-ஐ விடக் கிட்ட. ஆளும் சின்னதில்ல, 340 மீட்டர் பக்கம். மோதாது. ஆனா அவ்ளோ கிட்ட வந்துட்டுப் போனா பூமி சும்மா விடுமா, இழுத்துப் பாதையை வளைச்சுரும், இப்ப 324 நாள்ல ஒரு சுத்து முடிக்கிறது அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல எடுத்துக்கும். எவ்ளோ வளையும்ங்கறது எந்த இடத்துல கடக்குதுங்கறதப் பொறுத்தது. அங்க சுமாரா 600 மீட்டர் அகலத்துக்கு ஒரு இடம், கரெக்டா அதுக்குள்ள நுழைஞ்சா அது 6 சுத்து முடிக்கிறதும் பூமி 7 சுத்து முடிக்கிறதும் ஒரே நேரத்துல வரும், 2036-ல ரெண்டும் முட்டிக்கும். அந்த 600 மீட்டருக்குப் பேருதான் கீஹோல். (2013-லயே ரேடார்ல பாத்து 2036 இல்லன்னு சொல்லிட்டாங்க, 2021-ல மறுபடி பாத்துட்டு அடுத்த 100 வருஷத்துக்குக் கவலை வேண்டாம்னுட்டாங்க.)

கணக்குப் போடறவங்க பூமியை நடுவுல வச்சு, கல்லு வர்ற திசைக்குக் குறுக்க ஒரு தளம் நிறுத்தற மாதிரி கற்பனை பண்ணிக்கறாங்க, கல்லு அதை எங்க தாண்டுதுன்னு பாக்கறாங்க. அதை ஒரு பெரிய கதவுன்னு வச்சா, அதுக்குள்ள சின்னதா ஒரு வழி. நமக்கு இதுக்கு வார்த்தை இருக்கே! கோயில் பெரிய கதவுக்குள்ள ஒரு ஆள் குனிஞ்சு போற மாதிரி சின்னக் கதவு இருக்குமே, திட்டிவாசல். நான் அதைத்தான் சொல்வேன்.

—

அண்ணா,

படிக்க நல்லாருக்கு, ஆனா நான் எட்டாங்கிளாசுக்கு எடுக்கறேன். திட்டிவாசல்னு சொன்னா "யாரைத் திட்டி, மிஸ்?"னுதான் பசங்க கேப்பாங்க. திட்டிவாசலைக் கண்ணால பாத்த பசங்களே கிளாஸ்ல நாலு பேர் இருந்தா அதிகம். இன்னொண்ணு, கீஹோல் ஒண்ணு மட்டும் இல்லையே, திரும்பி வர்ற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒண்ணு தனித்தனியா இருக்கும்ல, 2036-க்கு ஒண்ணு, வேற வருஷத்துக்கு வேற. ஒரு கதவுல எத்தனை திட்டிவாசல் வைப்பீங்க?

—

திட்டறது பத்தி நான் யோசிக்கவே இல்லம்மா, சிரிச்சுட்டேன். ரெண்டாவது சொன்னது நியாயம்தான், நெஜக் கதவுல ஒண்ணுதான் இருக்கும். ஆனா அது சொல்லுக்கு இடைஞ்சல் இல்லன்னு நெனைக்கிறேன், வருஷத்தை முன்னாடி ஒட்டிட்டாப் போச்சு. எழுதிப் பாத்தேன்: "அபோபிஸ் 2036 திட்டிவாசலுக்குள் நுழையாது." "அபோபிஸ் 2036 சாவித்துளைக்குள் நுழையாது." ரெண்டாவதுல ஒரு கல்லு பூட்டுக்குள்ள போறாப்ல இருக்கு. வேணும்னா முதல் தடவை மீள்மோதல் திட்டிவாசல்னு முழுசா எழுதிட்டு அப்புறம் 2036 வாசல்னு சுருக்கிக்கலாம். திரும்பி வந்து மோதறதுங்கற விஷயம் சாவித்துளைல வரவே இல்ல பாருங்க, அதுதான் எனக்குப் பெரிய குறை.

இன்னொரு நெனப்பு, சம்பந்தமில்லாதது. அபோபிஸ் பூமில மோத 37-ல 1 வாய்ப்புன்னு கணக்கு எகிறினது 2004 டிசம்பர் 27, நாம சுனாமில கிடந்த நேரம். அதனாலதான் இந்தப் பேரையே நம்மள்ல பல பேர் ரொம்ப லேட்டாக் கேள்விப்பட்டோம்னு நெனைக்கிறேன்.

—

2036 வாசல் ஓகே அண்ணா, அது பசங்க வாயில வரும். திட்டி போட்டது ஆசிரியர் கையேட்டுல இருக்கட்டும். ஐயா என்ன சொல்றாருன்னு பாப்போம்.